மலை வீட்டுக்கு வெந்நீர்: சோலாரா, ஹீட் பம்பா, கீசரா, விறகு பாய்லரா?

நாகப்பட்டினத்தில் இருக்கும் என் சித்தி மகள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் வெந்நீருக்கு ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் மெஷின்) வைத்தாள். கரண்ட் பில் குறைந்த சந்தோஷத்தில், "அக்கா, நீங்களும் யோசிக்காம இதையே போட்டுடுங்க" என்று போன் பேசும்போதெல்லாம் சொல்வாள். சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் தம்பியோ, "எதுக்குக்கா அவ்வளவு செலவு, ஒரு கீசர் வாங்கி மாட்டுங்க, போதும்" என்பான். நாங்கள் இருப்பது ஏற்காட்டில், நாகலூர் பக்கம், காப்பித் தோட்டத்தை ஒட்டின வீடு. இருவர் சொன்னதும் அவரவர் வீட்டுக்குச் சரிதான். எங்களுக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை. ஏன் என்று நாங்கள் உட்கார்ந்து போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன், மலையில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் இப்போது கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் உதவும்.

எந்த மெஷின் என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் குழாயில் வரும் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வேண்டும், ஒரு யூனிட் கரண்டில் 860 கிலோ கலோரி இருக்கிறது. இந்த இரண்டு எண் தெரிந்தால் போதும், மீதி எல்லாம் பெருக்கல் வகுத்தல்தான். வீட்டில் ஐந்து பேர், எல்லோருக்குமாகச் சேர்த்து 40 டிகிரியில் 120 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடலோரத்தில் தொட்டித் தண்ணீரே 28 டிகிரியில் இருக்கும், அதனால் பன்னிரண்டு டிகிரி ஏற்றினால் போதும், ஒன்றே முக்கால் யூனிட்டுக்குள் வேலை முடிந்தது. சேலத்தில் மார்கழி காலையில் 25 டிகிரி என்றால் இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். எங்கள் வீட்டில் அதே மார்கழியில் தண்ணீர் 15 டிகிரி, மூன்றரை யூனிட் வேண்டும். அதே ஐந்து பேர், அதே வாளி, செலவு மட்டும் கடற்கரையைப் போல இரண்டு மடங்கு.

இன்னொன்றும் இருக்கிறது. கடலோரத்தில் வெந்நீர் என்பது பெரும்பாலும் பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்கும்தான், மற்றவர்கள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் போய்விடுவார்கள். சேலத்தில் கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் வேண்டும், சித்திரையில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து மத்தியானம் வருகிற தண்ணீரில் கை வைக்கவே முடியாது. மலையில் வருஷம் முழுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வருஷத்துக்கு 1,100 யூனிட் வெப்பம் தேவைப்படுகிறது என்று கணக்கு வந்தது, அதாவது இரண்டு மாத பில்லுக்கு 183 யூனிட், கொஞ்சம் தாராளமாக 190 என்று வைத்துக்கொண்டோம்.

இப்போது விறகு. அதிலிருந்துதான் நாங்கள் மாறினோம், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மாமனார் காலத்துச் செம்பு பாய்லர் இருக்கிறது, நடுவில் புகைக்குழாய், கீழே தணல், பக்கத்தில் குழாய். காப்பிச் செடியைக் கவாத்து செய்கிற குச்சியும், நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கைக் கழிக்கிற கிளையும் வருஷத்துக்குப் போதுமான விறகைத் தந்துவிடும், காசு கொடுத்து வாங்குவதே இல்லை. காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் நாலு யூனிட் வெப்பம் இருக்கிறது, பழைய பாய்லர் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீருக்குக் கொடுத்தால் பெரிசு. ஆக ஒரு நாளைக்கு இரண்டரை கிலோ விறகு. பில் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் பல வீடுகளில் பாய்லரை மாற்றாமல் இருக்கிறார்கள், நாங்களும் பத்து வருஷம் அப்படித்தான் இருந்தோம். ஆனால் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து அந்த அடுப்பை மூட்டியது என் அத்தை. ஐப்பசி கார்த்திகையில் விறகு ஈரமாக இருக்கும், ஊதி ஊதிப் புகை கண்ணை அடைக்கும், பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும் என்று அவர் அவசரப்படுவார். அறுபத்தெட்டு வயதில் அவருக்கு மூச்சு இழுப்பு வந்தது. டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே வீட்டில் விறகடுப்பு இருக்கிறதா என்பதுதான். வெந்நீருக்கு என்ன செலவு என்று கணக்குப் போடும் வீடுகளில் ஊதுகிறவருடைய மூச்சையும் ஒரு வரியாகச் சேருங்கள். எங்கள் கணக்கில் அது இத்தனை வருஷம் வராமலே போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

சரி, கீசர். கடையில் ஐந்து ஸ்டார் என்றால் தண்ணீர் குறைந்த கரண்டில் சூடாகும் என்று சொல்லி விற்கிறார்கள், எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அது சரியில்லை. கம்பியால் சூடாக்கும் எந்த கீசரும் வாங்குகிற கரண்டை ஏறக்குறைய முழுதாகவே வெப்பமாக்கிவிடும், ஒரு ஸ்டாரும் ஐந்து ஸ்டாரும் அதில் ஒன்றுதான். சூடான தண்ணீர் உள்ளே சும்மா நிற்கும்போது எவ்வளவு சூடு வெளியே போகிறது என்பதைத்தான் ஸ்டார் சொல்கிறது. இருபது நிமிஷம் போட்டுக் குளித்துவிட்டு அணைத்துவிடுகிற வீட்டில் அதனால் பெரிய வித்தியாசம் வராது, நாள் முழுக்க சுவிட்ச் போட்டே வைக்கும் வீட்டில் நிறைய வரும்.

மலையில் கீசர் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது அளவு. 15 லிட்டர் கீசர் 60 டிகிரிக்குச் சூடாக்கினால், அதில் 25 டிகிரி தண்ணீரைக் கலந்து 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்கும், இது சேலம். எங்கள் ஊர் 15 டிகிரித் தண்ணீரைக் கலந்தால் 27 லிட்டர்தான். அந்தத் தண்ணீர் தீர்ந்ததும் அடுத்தவருக்கு இரண்டு கிலோவாட் கம்பியில் மறுபடி சூடேற 23 நிமிஷம் ஆகும். தம்பி வீட்டில் இரண்டு பேர் குளிக்கும் கீசர் எங்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் வரும் என்பது இப்படித்தான். மலையில் குறைந்தது 25 லிட்டர் பாருங்கள். உடனே சூடாக்கித் தரும் மூன்று லிட்டர் சின்ன கீசர் இந்தக் குளிருக்கு வெதுவெதுப்பாகத்தான் விடும், கை கழுவ ஆகும், குளிக்க ஆகாது.

கீசர் மட்டும் போட்டால் எங்களுக்கு வந்த சிக்கல் பில்லில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு நாங்கள் செலவழிப்பது 380 யூனிட். வெந்நீருக்கு 190 சேர்ந்தால் 570. நாங்கள் கணக்குப் போட்டபோது தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும், 500-ஐத் தாண்டினால் என்ன ஆனது என்பது பலருக்குத் தெரியாது. தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போட்டது ஒரு பக்கம், அதுவரை 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த விலையும் சேர்ந்து போனது. அதனால் நாங்கள் தேடியது 500-க்குக் கீழே நிற்க வைக்கிற ஒன்றை.

ஹீட் பம்ப் அதைச் செய்யும். ஏ.சி. மெஷினைத் திருப்பிப் போட்ட மாதிரி, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. கம்பி சூடாகி வேலை செய்யவில்லை, வெப்பத்தை இடம் மாற்றுகிறது, அதனால் ஒரு யூனிட் கரண்டில் மூன்று யூனிட் வெப்பம் வரைக்கும் தரும். நாகப்பட்டினத்தில் காற்று எப்போதும் வெதுவெதுப்பாகவே இருப்பதால் இதற்கும் மேலே போகலாம், சித்தி மகள் சொல்வது அங்கே முழுக்க உண்மை. அவளுக்கு இருக்கும் தொல்லை உப்புக்காற்று. வெளியே வைக்கிற பெட்டியின் அலுமினியத் தகடுகளை அது அரித்துவிடும், அவள் மாதம் ஒருதடவை நல்ல தண்ணீரால் கழுவிவிடுகிறாள், பூச்சு கொடுத்த தகடு இருக்கிற மாடலாகப் பார்த்து வாங்கினாள். கடலோரத்தில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் அந்தப் பூச்சைப் பற்றிக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

மலையில் உப்புக்காற்று இல்லை, குளிர் இருக்கிறது. காற்று குளிரக் குளிர ஹீட் பம்பின் லாபம் குறையும், 12 டிகிரி விடியற்காலையில் இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு வழியும் உண்டு, மத்தியானம் ஒரு மணிக்குக் காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஓடும்படி டைமர் வைத்துவிட்டால் நல்ல தொட்டி மறுநாள் காலை வரைக்கும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். பனிமூட்டத்தைப் பற்றி இதற்குக் கவலையே இல்லை, வெயில் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் ஓடும், ஏற்காட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும் நாங்கள் வாங்கவில்லை. எங்களுக்குச் சொன்ன விலை 1,10,000 ரூபாய். கீசரோடு ஒப்பிட்டால் வருஷத்துக்கு 700 யூனிட் மிச்சமாகும், யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் 4,200. கூடுதலாகப் போட்ட ஒரு லட்சம் திரும்பி வர இருபது வருஷத்துக்கு மேல் ஆகும், மெஷின் அதுவரை இருக்காது. இடையில் கம்ப்ரசர் போனால் பார்க்கிறவர் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும்.

ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு இதே கணக்கு அப்படியே புரண்டுவிடும். எட்டு அறை, அறைக்கு இரண்டு பேர், ஆளுக்கு 40 லிட்டர் என்றால் நாளைக்குப் பதினாறு யூனிட் வெப்பம், ஹீட் பம்பில் பத்து யூனிட் மிச்சம், வணிகக் கட்டணம் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் பக்கம், இலவச யூனிட் கிடையாது. வருஷத்தில் பாதி நாள் அறை நிறைந்தாலே 18,000 ரூபாய் மிச்சம். விருந்தினர் இரவு பத்து மணிக்கு வந்தாலும் வெந்நீர் தயாராக இருக்கும். நான் ஹோம்ஸ்டே வைத்திருந்தால் யோசிக்காமல் இதைத்தான் வாங்குவேன், பெட்டியின் சத்தம் அறைப் பக்கம் வராத இடமாகப் பார்த்து வைப்பேன்.

கேஸ் கீசரைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. ஒரு சிலிண்டர் எங்கள் தேவைக்கு ஐம்பது நாள் வந்தால் அதிகம், அதுகூடப் பரவாயில்லை. எரிவாயு சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, குளியலறைக்குள்ளேயே மயங்கி உயிர் போனவர்கள் நாட்டில் எத்தனையோ பேர். மலையில் குளிருக்காகக் குளியலறை ஜன்னலை எல்லோரும் இறுக்கிச் சாத்தித்தான் வைக்கிறோம். தயவுசெய்து குளியலறைக்குள் அதை வைக்காதீர்கள். வாளியில் போடுகிற கரண்ட் ராடும் ஷாக் அடிக்கக்கூடியது, குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம்.

கடைசியில் சோலார். இதில்தான் ரொம்பக் குழம்பினோம், ஏனென்றால் ஏற்காட்டில் சோலார் வேலை செய்யாது என்று பாதிப் பேரும் வருஷம் முழுக்க வெந்நீர் கொட்டும் என்று மீதிப் பேரும் சொன்னார்கள். இரண்டும் தப்பு. தையிலிருந்து வைகாசி வரைக்கும் பகல் வெயில் அருமையாக இருக்கும், தை மாசக் குளிரிலும் சாயங்காலம் தொட்டியில் 55, 60 டிகிரித் தண்ணீர் நிற்கும். ஆடி ஆவணியில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகையில் மூன்று நாள் நாலு நாள் சேர்ந்தாற்போல மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும், எந்த சோலாரும் அப்போது உதவாது. வருஷம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் தேவையில் மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது, எங்கள் அனுபவத்தில்.

நிழலை டிசம்பரில் பாருங்கள். சித்திரையில் மாடியில் நின்று பார்த்து இடம் குறித்தால் ஏமாந்துபோவீர்கள். நம் பக்கத்தில் டிசம்பர் உச்சி வெயிலே 55 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும், அதுவும் தெற்கே சாய்ந்து. காலை ஒன்பது மணிக்கு 20 மீட்டர் சில்வர் ஓக்கின் நிழல் முப்பது மீட்டருக்கு மேல் நீளும். நாங்கள் முதலில் நினைத்த இடம் இதனால் போனது, கார் நிறுத்துகிற கொட்டகையின் மேலே மாற்றினோம். தெற்கு பார்த்து 25 டிகிரிக்குக் குறையாமல் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள், குளிர்கால வெயிலைப் பிடிக்க அந்தச் சாய்வு வேண்டும்.

அப்புறம் கண்ணாடி டியூபா, தட்டைப் பலகையா என்ற கேள்வி. டியூபில் நடுவில் வெற்றிடம் இருப்பதால் குளிர்காற்றுக்கு வெப்பம் போகாது, மங்கலான வெயிலிலும் கொஞ்சம் சூடேற்றும், விலையும் குறைவு. படித்துப் பார்த்தால் மலைக்கு அதுதான் சரி என்று தோன்றும். ஆனால் எங்கள் ஊரில் குரங்கு இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து வீட்டில் ஓட்டிலிருந்து குதித்து இரண்டு டியூபை உடைத்துவிட்டன, ஒரு டியூப் உடைந்தாலே தொட்டித் தண்ணீர் முழுக்க அந்த வழியாக இறங்கிவிடும். நாங்கள் கெட்டிக் கண்ணாடி போட்ட தட்டைப் பலகையை எடுத்தோம், 150 லிட்டர், 40,000 ரூபாய். சேலத்தில் போர் தண்ணீர் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம், தட்டைப் பலகைக்குள் ஓடும் மெல்லிய செம்புக் குழாயை உப்புப் படிவு அடைத்துவிடும், அங்கே அகலமான டியூப்தான் தாக்குப்பிடிக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கெண்டியில் வருஷக்கணக்கில் காய்ச்சியும் அடியில் வெள்ளை படிந்ததில்லை.

மானியத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2024-ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் கிடைக்கும் மானியம், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், கரண்ட் தயாரிக்கும் பலகைக்கு மட்டும். வெந்நீர் சோலாருக்கு மத்திய அரசு கொடுத்த மானியம் 2014-லேயே நின்றுவிட்டது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு முன்பணம் கொடுத்துவிட வேண்டாம்.

இனி, மேகமூட்ட நாளில் என்ன செய்வது. சோலார் தொட்டிக்குள்ளேயே ஒரு கம்பி வைத்துத் தருகிறார்கள், சுவிட்ச் போட்டால் போதும் என்பார்கள். அதைப் போட்டால் 150 லிட்டரும் சூடாகும், 15-லிருந்து 40 டிகிரிக்கு என்றாலே நாலே கால் யூனிட்டுக்கு மேல், ஒரே ஒருவர் குளிக்க வேண்டும் என்றாலும் அதே செலவு. நாங்கள் அந்தக் கம்பிக்கு இணைப்பே கொடுக்கவில்லை. சோலாரிலிருந்து வரும் குழாயைக் குளியலறையில் இருக்கும் 25 லிட்டர் கீசருக்குள் விட்டோம். மப்பு நாளிலும் சோலார் தொட்டியில் தண்ணீர் 25 டிகிரி வரைக்கும் வந்துவிடுகிறது, குளிக்கப் போதாத சூடுதான், ஆனால் கீசர் 15-லிருந்து தொடங்காமல் 25-லிருந்து தொடங்குகிறது. அந்தப் பத்து டிகிரி வீணாகப் போவதில்லை. வெயில் நாளில் கீசருக்கு சுவிட்சே போட வேண்டாம். ஒன்றை மட்டும் பிளம்பரிடம் சொல்லிவிடுங்கள், பங்குனி வெயிலில் சோலார் தண்ணீர் 70 டிகிரியைத் தாண்டும், அவ்வளவு சூடான தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும் கீசரா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கீசரைச் சுற்றிப் போகும் ஒரு வால்வு வைக்க வேண்டும். குழந்தைகள் கை சுடாமல் இருக்கக் குழாயில் பச்சைத் தண்ணீரை முதலில் திறக்கப் பழக்குங்கள்.

போட்டு ஒரு மார்கழி கடந்துவிட்டது. வருஷத்தின் மற்ற பில் எல்லாம் 450-ஐ ஒட்டி வந்தது, நவம்பர் டிசம்பர் பில் மட்டும் 497. ஹீட் பம்பாக இருந்தால் அந்த ஒரு பில் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதற்காக எழுபதாயிரம் கூடுதலாகப் போடத் தோன்றவில்லை. தம்பி அவன் வீட்டுக்கு சோலார் போடலாமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன். அவனுக்கு வருஷத்தில் நாலு மாதம்தான் தேவை, அதற்கு ஆகும் கரண்ட் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள், அவனுக்கு 15 லிட்டர் கீசர்தான் சரி. போர் தண்ணீர் என்பதால் வருஷம் ஒருமுறை கம்பியில் படிந்ததைச் சுரண்டிவிட்டு உள்ளே இருக்கும் மெக்னீசியக் குச்சியையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அந்தக் குச்சி கரைந்து தீர்ந்தால் அடுத்து தொட்டிதான் அரிக்கும்.

பாய்லரை நாங்கள் விற்கவில்லை. மழையில் கிளை முறிந்து கம்பியில் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாதபோது அதைத்தான் மூட்டினோம், அத்தையை அடுப்புப் பக்கம் விடாமல் என் வீட்டுக்காரர் மூட்டினார். இப்போது அத்தை ஆறரை மணிக்குத்தான் எழுகிறார். சோலார் இருக்கும் கொட்டகைக்கும் குளியலறைக்கும் இடையில் பன்னிரண்டு மீட்டர் முக்கால் அங்குலக் குழாய், அதில் நிற்கும் மூன்றரை லிட்டர் ஆறிப்போன தண்ணீர் போன பிறகுதான் சூடு வரும், அதை ஒரு வாளியில் பிடித்துத் துணிக்கு வைத்துக்கொள்கிறோம். எட்டு மீட்டருக்குக் கறுப்பு நுரை உறை போட்டாகிவிட்டது, மீதி நாலு மீட்டருக்கு அடுத்த ஐப்பசிக்குள் போட வேண்டும்.